பார்க்காமல் போட்ட டிக்

கம்பெனியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நிவேதா மூன்று தடவை போன் செய்துவிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். கெட்டிக்காரி. மூன்றாவது தடவை பேசும்போது, "இப்பல்லாம் சீக்வென்ஸைக் குடுத்தா புரோட்டீனோட ஷேப் தானா வந்துடுது மேடம். எந்த ரெசிட்யூ எதைத் தொடுதுன்னு மேப்பும் கூடவே வந்துடுது. நீங்கல்லாம் அந்தக் காலத்துல இதை வாரக்கணக்கா உக்காந்து பண்ணுவீங்களாமே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலமாவது, ராஜா காலமா? போன வருஷம் வரைக்கும் அதே ஸ்கிரீன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். ஆனால் சாதனைப் பட்டியல் எல்லாம் எழுத வராது. ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன். நான் சொன்ன பொய்தான்.

நான் படப்பைக்காரி. காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மார்க் இல்லை. ஒரகடம் பக்கம் பெரிய பெரிய கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து வேலி போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், அவற்றுக்கு நடுவே இடுக்கில் முளைத்த சின்னக் கம்பெனி எங்களுடையது. நொதி, அதாவது என்ஸைம் தயாரிப்போம். கண்ணாடிச் சாமான் கழுவத்தான் என்னை எடுத்தார்கள். இரண்டு வருஷம் பீக்கர் கழுவினேன். சாயங்காலம் படப்பையில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனேன். அது எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் டாக்டர் பத்மாவதி மேடத்தின் காதுக்குப் போனது. ஒரு நாள் கழுவுத் தொட்டிப் பக்கம் வந்து, "கையத் தொடச்சிட்டு மாடிக்கு வா" என்றார். என் பயிற்சி, பதவி, எல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

மேடம் திருநெல்வேலிப் பக்கம். பெரிய படிப்பு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பாராட்டியும் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால், "சரி, வச்சிட்டுப் போ" என்பார். சரியில்லை என்றால் அதே குரலில், "இன்னொருக்க பாரு" என்பார். அவ்வளவுதான். அந்த "இன்னொருக்க பாரு" வந்துவிட்டால் மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்காது.

என்ன வேலை என்று சொல்லாமல் மேலே போனால் எங்கள் கேன்டீன்காரருக்குக்கூடப் புரியாது. புரோட்டீன் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சங்கிலி, அந்த வரிசையைத்தான் நிவேதா சீக்வென்ஸ் என்றாள். நொதியும் ஒரு புரோட்டீன்தான். அந்தச் சங்கிலி நீட்டிக்கொண்டு நிற்காது, சுருண்டு மடங்கி ஓர் உருவம் எடுக்கும். அப்படிச் சுருளும்போது வரிசையில் நாற்பதாவதாக இருப்பது இருநூறாவதுக்குப் பக்கத்து வீடாகிவிடும். சங்கிலியில் இருக்கும் ஒவ்வோர் அமிலத்தையும் ரெசிட்யூ என்போம். தமிழில் எச்சம் என்கிறார்கள், அதைக் கேட்டால் எனக்குக் காக்கா ஞாபகம்தான் வருகிறது, விடுங்கள். எந்த ரெசிட்யூ எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எதை எது பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இந்தப் பிடிகள் உறுதியாக இருந்தால் நொதி சூட்டைத் தாங்கும். இல்லாவிட்டால் குலைந்துபோகும்.

புரோட்டீனைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் வைத்து உருவம் கண்டுபிடித்தவர்கள், ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று வரிவரியாக எழுதிக் கோப்பாகப் பொதுவில் வைத்திருப்பார்கள். அதை இறக்கி, நான் எழுதிய சின்ன புரோகிராமில் போடுவேன். அது எல்லா அணுக்களுக்கும் நடுவே தூரம் கணக்குப் போட்டு, நாலு ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும் ஜோடிகளைப் பட்டியல் போடும். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். பட்டியலைப் பிரின்ட் எடுத்து, எண்ணெய்ப் பசை மாதிரி ஒட்டும் ஜோடிக்கு மஞ்சள் பென்சில், ஹைட்ரஜன் பிடிப்புக்குப் பச்சை, பிளஸ்ஸும் மைனஸும் இழுத்துப் பிடிக்கும் சால்ட் பிரிட்ஜுக்குச் சிவப்பு என்று கோடு போடுவேன். அதற்கப்புறம் மேடத்தின் சட்டம் ஒன்று உண்டு. சிவப்புக் கோடு போட்ட ஒவ்வொரு ஜோடியையும் ஸ்கிரீனில் பெரிதாக்கி, திருப்பித் திருப்பி, கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பக்கத்தில் டிக் போட வேண்டும். தாளை நீட்டினால் மேடம் கேட்கும் ஒரே கேள்வி, "கண்ணால பாத்தியா?" என்பதுதான்.

நாலைந்து வருஷம் அப்படியே பார்த்தேன். நாற்பது புரோட்டீனுக்கு மேல் இருக்கும். ஒரு தடவைகூட புரோகிராம் சொன்னது ஒன்று, கண் பார்த்தது ஒன்று என்று ஆனதில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மெஷின் சொன்னதை மனுஷி எதற்குச் சரிபார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த நொதி வந்தது. வெளுத்த துணியில் மிச்சம் இருக்கும் பெராக்ஸைடைத் தின்றுவிடும் நொதி. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்குப் போக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக வேலை செய்யும், சூடு ஏறினால் குலைந்துவிடும். ஒரே ஒரு ரெசிட்யூவை மாற்றி அதைச் சூடு தாங்க வைக்க வேண்டும். எதை மாற்றுவது என்று நான் சொல்ல வேண்டும். இது சரியாக வந்தால் என்னை டெக்னீஷியன் வரிசையிலிருந்து அனலிஸ்ட் ஆக்க மேடம் சிபாரிசு எழுதி வைத்திருந்தார்.

பட்டியலில் அருமையான சிவப்பு ஜோடி ஒன்று கிடைத்தது. பிளஸ் உள்ள ஒரு லைசினும் மைனஸ் உள்ள ஒரு குளுட்டமேட்டும், மூன்று ஆங்ஸ்ட்ராம்கூட இல்லாத தூரத்தில். லைசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைவிடப் பெரிய ஆர்ஜினைன் வைத்தால் ஒற்றைப் பிடி இரட்டைப் பிடியாகும். எழுதிவிட்டேன். அன்று பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் சர்ச்சில் ஆராதனை, நான்தான் பாட்டுக் குழுவில் முதல் குரல். மணி நாலரை. பதினேழு சிவப்பு ஜோடிகள். வரிசையாகப் பதினேழு டிக் போட்டேன்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"சரி, வச்சிட்டுப் போ" என்று கையெழுத்துப் போட்டார். ஷேர் ஆட்டோ பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நன்றாகவே பாடினேன், வெட்கமில்லாமல்.

என் தாளில் இருந்ததை நிஜமாக்குகிற வேலை கீழ்த் தளத்தில் நடக்கும். மாற்றிய நொதியைச் சுரக்கும் நுண்ணுயிரைப் பெரிய தொட்டியில் வளர்க்க வேண்டும். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் ஏழுமலை. வாலாஜாபாத் ரோட்டை ஒட்டிய கிராமத்து ஆள், இருபத்தாறு இருபத்தேழு வயது, கல்யாணமானவன். அப்பா விவசாயம். இவன் ஐ.டி.ஐ. முடித்து கான்ட்ராக்ட்டில் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் நிரந்தரம் ஆக வேண்டியவன். கை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

முதல் தடவை வளர்த்ததில் வந்த நொதி, சூட்டில் பழையதைவிடச் சீக்கிரம் செத்தது. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவையும் அதே கதைதான். ஆனால் மூன்றாவதில் தொட்டியின் வெப்பநிலை கிராஃபில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மேடு இருந்தது. அந்த ஷிப்ட் ஏழுமலையுடையது.

பிளான்ட் மேனேஜர் மீட்டிங் போட்டார். கிராஃபைத் தூக்கிக் காட்டி, "தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கரண்ட்டு ஒரு தபா போச்சு, கூலிங்கு நின்னு சூடு ஏறிடுச்சு, அப்பறம் ஜெனரேட்டர் எடுத்துக்கிச்சு. நான் தொட்டியாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றான் ஏழுமலை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். மேடம் அன்று ஊரில் இல்லை. நான் எழுந்து நின்று சொன்னேன்: "என் லிஸ்ட் சரியாத்தான் சார் இருக்கு. ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துருக்கேன். தொட்டியிலதான் என்னவோ ஆயிருக்கு."

ஏழுமலை என்னையே பார்த்தான். அடுத்த நாளிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் அவனிடம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவம் என்று நினைத்தேன். அதோடு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் போய் எட்டு நாள் ஆகியிருக்கும். எனக்குப் பல்வலி. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி நீல யூனிபார்மில் வேலை முடிந்து வருகிறாள். இன்னொருத்தி கட்டுப் பூவும் பட்டுப்புடவையுமாக ஏதோ விசேஷத்துக்குப் போகிறாள். பேச்சுவாக்கில் இருவரும் ஒரே கம்பெனி என்று தெரிந்தது.

"எந்த லைனு?" என்றாள் பட்டுப்புடவை.

"மூணாவது லைனு, ஆறாம் நம்பர் மெஷினு. ஏ ஷிப்ட்."

"நானும் அதே மெஷினுதான், பி ஷிப்ட். அப்ப அந்த ஸ்டூல தெனம் ஏத்தி வெச்சிட்டுப் போறது நீதானா? அத எறக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு."

"இன்னாக்கா நீ, நான் குள்ளமா கீறேன், ஏத்தாம என்னா பண்ணுவேன்? ரெண்டு வருஷமா யார்றா இத எறக்கறதுன்னு நானும் திட்டிக்கினு இருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏ ஷிப்ட் பஸ் வெளியே போன பிறகுதான் பி ஷிப்ட் பஸ் உள்ளே வருமாம். ஒரே மெஷின், ஒரே ஸ்டூல், இரண்டு வருஷம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறவன் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

நானும் சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏ, பி. அந்த நொதியின் கோப்பில் சில வரிகளில் ஏ என்றும் பி என்றும் ஓர் எழுத்து இருந்தது என் கண்முன் வந்தது.

படப்பை வர இன்னும் தூரம் இருந்தது. நடுவழியில் இறங்கி எதிர்ப்பக்கம் ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனேன். பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். படிகத்துக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கும். சில ரெசிட்யூக்களின் பக்கவாட்டுக் கை, சில மூலக்கூறில் இப்படியும் சில மூலக்கூறில் அப்படியும் நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது கோப்பில் இரண்டு நிலையையும் எழுதி, ஒன்றுக்கு ஏ என்றும் மற்றதற்கு பி என்றும் அடையாளம் வைப்பார்கள். ஏ நிலை ஏ நிலையோடு சேரும், பி நிலை பி நிலையோடு சேரும். ஏவும் பியும் ஒரே மூலக்கூறில் ஒன்றாக இருக்கவே இருக்காது. முதல் வருஷமே மேடம் சொல்லிக்கொடுத்தது, என் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் என் புரோகிராம் அந்த ஓர் எழுத்தைத் தாண்டிக்கொண்டுதான் படித்தது. முன்னால் பார்த்த நாற்பது புரோட்டீனிலும் அது முக்கியமான இடத்தில் வந்ததில்லை, அதனால் மாட்டவில்லை.

ஸ்கிரீனில் அந்த ஜோடியைப் பெரிதாக்கினேன். லைசினுக்கு இரண்டு கை, குளுட்டமேட்டுக்கு இரண்டு கை. லைசினின் ஏ கையும் குளுட்டமேட்டின் பி கையும்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிடியே கிடையாது. இல்லாத பிடியை உறுதியாக்குகிறேன் என்று, இடமில்லாத இடத்தில் ஒரு பெரிய கையைத் திணிக்கச் சொல்லியிருக்கிறேன். சூட்டில் சாகாமல் என்ன செய்யும்? அரை நிமிஷம் கண்ணால் பார்த்திருந்தால் சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

மேடம் ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேனா என்றால், யோசித்தேன். மாடிப்படியில் ஐந்து நிமிஷம் நின்றேன். வேறு ஜோடி ஒன்றைச் சொல்லி, இதைச் சத்தமில்லாமல் மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது. அனலிஸ்ட் ஆகிவிடலாம். ஏழுமலை பார்த்த பார்வை மட்டும் நகர மாட்டேன் என்றது.

போய்ச் சொன்னேன். மேடம் அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அந்த டிக்கின் மேல் விரலை வைத்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் மேடம்."

"பாத்துப் போட்டியா?"

"இல்ல மேடம். பதினேழுல ஒண்ணையும் பாக்கல."

மேடம் விரலைத் தாளின் அடிக்கு நகர்த்தினார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், திட்டவில்லை. "கீழ என் கையெழுத்தும் இருக்கு. நானும் ஒன்னக் கேட்டதோட விட்டுட்டேன்லா" என்றார். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங் கூப்பிடுதேன். அந்தப் பையனச் சொன்ன அதே இடத்துல நீயே எந்திரிச்சுச் சொல்லு. ஒனக்காக நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மறுநாள் எழுந்து நின்று சொன்னேன். தப்பு என் லிஸ்டில், பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன், ஏழுமலை மேல் பழி போட்டேன் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். மேனேஜர், "அப்ப அந்த கிராஃப்?" என்றார். மேடம் மின்சாரப் பிரிவின் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடியதாக அதில் எழுதியிருந்தது. ஏழுமலை சொன்னதை யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவனைத் திரும்ப எடுக்கவும், நிரந்தரத்துக்கு எழுதவும் அங்கேயே முடிவாயிற்று. என் அனலிஸ்ட் சிபாரிசை மேடம் என் கண்ணெதிரே திரும்பப் பெற்றார். அது நியாயம்தான். அப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் கொடுத்தார்.

கான்ட்ராக்டரை விட்டு போன் பண்ணச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். "போன்ல வேண்டாம்" என்று மேடம் குடையை எடுத்தார். என்னைப் பார்த்து, "வா, போவோம்" என்றார்.

அவன் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது உச்சி வெயில். அவன் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது, மீதியில் நெல். ஏழுமலை வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நான் நேற்றிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தப்பு என்னுதுதான் ஏழுமலை. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. என்ன மன்னிச்சிடு" என்றேன்.

அவன் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "என்னாண்ட வாணாங்க்கா, எங்கப்பாவாண்ட சொல்லுங்க. நான் தூங்கிட்டேன்னு ஊரே சொல்லிக்கினு கீது. நான் சொன்னா அவரு நம்பல" என்றான்.

அந்த ஊரில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில்தான் வேலை. செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவரிடம் போய் நின்றேன். ரெசிட்யூ, ஆங்ஸ்ட்ராம் என்று என்ன சொல்வது? "ஐயா, நான்தான் கணக்கைச் சரியாப் பாக்காம எழுதிக் குடுத்துட்டேன். பாத்துட்டேன்னு பொய்யும் சொன்னேன். அதனாலதான் மூணு தடவையும் கெட்டுப்போச்சு. உங்க பையன் வேலையில ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

பெரியவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். "அப்போ இவன் தூங்கல?"

"தூங்கலைங்க. கரண்ட்டு போனது எழுத்துல இருக்கு" என்றார் மேடம்.

பெரியவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "சாப்ட்டியாடா?" என்றார்.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பத்து நாளில் அவர் மகனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அவன் மனைவி பிற்பாடு உள்ளே என்னிடம் சொன்னாள்.

எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார் பெரியவர். மேடம் மறுபேச்சில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். சோறும் கத்தரிக்காய்க் காரக்குழம்பும். ஏழுமலைதான் பரிமாறினான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மேடம் கை கழுவ எழுந்து போனதும் மெதுவாக, "என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் கீதுக்கா. இல்லன்னு சொன்னா பொய்யிதான். நீங்க சாப்டுங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். நான் புரோகிராமைத் திருத்தி, பட்டியலை முதலிலிருந்து போட்டு, ஒவ்வொரு ஜோடியாகக் கண் எரியும்வரை பார்த்தேன். அதில் கிடைத்த வேறொரு பிடிதான் கடைசியில் சூட்டைத் தாங்கியது. அந்த நொதி இன்னமும் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேடத்துக்கும், கண்ணாடிச் சாமான் கழுவியவளை முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய வைத்துக்கொண்ட கம்பெனிக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். அதை அவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஏழுமலையிடம் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அவன் கோபம் ஆற மூன்று மாதம் ஆயிற்று. கேன்டீனில் என்னைப் பார்த்தால் வேறு மேஜைக்குப் போய்விடுவான். ஆனால் ஒவ்வொரு வாரமும் மாடிக்கு வந்து, என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு கீழே போவான். வேறு யாரையாவது சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று மேடத்திடம் அவன் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் மேடமும் செய்திருப்பார். அவன் கேட்கவில்லை. என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத அந்த மூன்று மாதமும், நான் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் தொட்டியை ஓட்டினான்.